பையை எங்கே வைப்பது

பேப்பர் மில்ஸ் சாலையில் இரண்டாம் மாடி.
லிஃப்ட் உண்டு, ஓடாது.
இரவு எட்டுக்கு நான் மூச்சு வாங்க ஏறி வந்தால்
பகல் ஷிஃப்ட் ரஹீமா
செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்:
மோஷன் போகல. சுகர் நூத்தி எண்பத்திரெண்டு.
லீட்ஸ் ரெண்டு தரம் பேசிச்சு.

லீட்ஸ் என்றால் சுகுணா.
வரதராஜுலு ஐயாவின் ஒரே மகள்.
அவளும் நர்ஸ்தான்.
அந்த ஊரில் வீடு வீடாகப் போகிறவள்,
காரில், ஒரு நாளைக்குப் பதினாலு வீடு.

முதல் நாள்
பீரோ மேலிருந்த கேமரா பேசிற்று:
"பையைத் தரையில வைக்காதீங்க, எப்சிபா.
பேப்பர் விரிச்சு அது மேல."
நேற்றைய பேப்பரை விரித்தேன்.
ஒரு மந்திரியின் முகத்தில்
என் பை உட்கார்ந்தது.

அங்கே பழைய நர்ஸுகளுக்கு அதுதான் முறையாம்.
மழையில் சைக்கிள் மிதித்து வந்து
கோட்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டு
பேப்பர், பை,
அப்புறம் கை கழுவ வெந்நீர்.

ராத்திரி ஒரு மணி.
ஐயா தூங்க, ஆக்சிஜன் மெஷின் மட்டும் விழித்திருக்க,
அவளுக்கு வேலை முடிந்து எட்டரை.
இன்னும் வெளிச்சம் போகல இங்க, என்பாள்.
மே மாதம். எனக்கு இங்கே
வேர்வையில் யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டியிருக்கும்.

அப்படி ஒரு ராத்திரி சொன்னாள்.
லிவர்பூலில் ஒரு வியாபாரி.
மனைவி சாகக் கிடந்தாள்.
வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஒரு நர்ஸ் அமர்த்தினார்.
மனைவி போய்ச் சேர்ந்தபின்
நர்ஸைக் கணக்குத் தீர்த்து அனுப்பவில்லை.
இல்லாதவர்கள் தெருவுக்குப் போ,
இங்கே செய்ததை அங்கே செய், என்றார்.
ஒரே மாதம்.
அழுதுகொண்டு வந்து நின்றாளாம்,
என்னை விட்டுவிடுங்கள் என்று.
அவர் பேசிப் பேசித் திருப்பி அனுப்பினார்.
எங்க வேலை அங்கதான் ஆரம்பம், என்றாள் சுகுணா.
பரீட்சைக்குப் படித்தது.

எதைப் பார்த்து அழுதாங்க? கேட்டேன்.
புண்ணா, நாத்தமா, பட்டினியா?
சம்பளம் ஒழுங்கா வந்துதா?

கொஞ்ச நேரம் லீட்ஸில் சத்தமே இல்லை.
"புத்தகத்துல அழுதாங்கன்னு மட்டும்தான் போட்டிருந்தது."

எனக்குத் தெரியும்.
கீழ்ப்பாக்கத்தில் என் முதல் வீடு.
எனக்கென்று தனி டம்ளர், ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து.
வாஷிங் மெஷினுக்கு மறுநாள் பூட்டு.
பாத்ரூமில் பக்கெட்டை வைத்து
குழாயை முழுசாகத் திறந்துவிட்டால்
எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.
பக்கெட் நிறைவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.
அவ்வளவுதான் சூட்சுமம்.

ஐயாவுக்கு உடம்பு துடைக்கும்போது
கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவேன்.
உடனே போன் அடிக்கும்.
ஏன் திருப்பினீங்க?
ஐ.சி.எஃப்.ல நாற்பது பேரை மேய்ச்ச மனுஷன்ம்மா.
மகள் பார்த்திருக்க
அவர் வேட்டியை நான் அவிழ்க்க மாட்டேன்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.
சுகுணா வேறெதோ பேசினாள்.
காலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர்,
காலில் ஆறாத புண், அதற்குத்தான் போனது.
கட்டு மாற்றி முடித்தும் நேரம் இருந்தது,
ஷேவ் பண்ணிவிட்டாளாம்.
அவர் மகன் சிட்னியில்.
"பாதித் தாடி எடுத்தப்ப, எப்சிபா,
எங்கப்பாவுக்கு மச்சம்
எந்தப் பக்கம்னு ஞாபகம் வரல."

இடது தாடைக்குக் கீழே.
மிளகு அளவு, நடுவில் ஒரு நரைமுடி.
ரேஸர் அங்கே வரும்போது
கண்ணை மூடிக்கொள்வார்.

சொன்னேன்.
அப்புறம் இரண்டு பேரும்
மெஷின் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
எந்தக் கட்டணத்தில் சேரும் அந்த அரைமணி,
ஏஜென்சிக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

காலை எட்டு. ரஹீமா படியேறி வந்தாள்.
பையை எடுத்தேன், பேப்பரைச் சுருட்டினேன்.
மோஷன் போச்சு, சுகர் நூத்தி நாப்பது.
லீட்ஸ்?
தூங்குது, என்றேன்.
எழுப்பிடாதே.